நீ கோட்டருகே நின்ற ஐந்து நிமிடம்

இந்த வாரம் நம் அணியின் பிப்களைத் துவைப்பது என் முறை. பையைத் திறந்ததும் வியர்வையும் செயற்கைப் புல்லின் ரப்பரும் கலந்த அந்த வாடை முகத்தில் அடித்தது. வாஷிங் மெஷினில் போடாமல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது. உனக்கு எழுதாமல் தள்ளிப்போட்டதை இன்றாவது எழுதிவிடுகிறேன்.

கரோல் பாக்கில் அந்த மொட்டைமாடி மைதானத்துக்கு நான் முதலில் வந்தபோது ஃபுட்சால் என்றால் சின்ன கால்பந்து என்று நினைத்திருந்தேன். ஒரு பக்கம் ஐந்து பேர்தான் என்பது புரிந்தது. ஆள் மாறும் முறைதான் மண்டையில் ஏறவில்லை. வெளியே இருப்பவள் சட்டைக்கு மேல் பனியன் மாதிரி கையில்லாத பச்சை பிப் போட்டிருக்க வேண்டும். உள்ளே இருப்பவள் நம் பெஞ்சுக்கு நேரே உள்ள கோட்டின் வழியாக வெளியே வந்து, அந்த பிப்பைக் கையில் வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவள் உள்ளே கால் வைக்கலாம். நான் நீ வெளியே வருவதற்கு முன்பே பாய்ந்து மஞ்சள் அட்டை வாங்கினேன். எதிரணிக்குக் கிடைத்த ஃப்ரீ கிக்கில் கோலும் விழுந்தது.

"ஏட்டி, மெட்ரோல எறங்கவிடாம ஏறுவாங்கல்லா, அதே மாதிரி வாரியே" என்றாய். "நான் இன்னும் எறங்கல."

உன் திருநெல்வேலித் தமிழுக்கு என் சேலத்துக் காது பழக ஒரு வருடம் ஆனது. திட்டுகிறாயா கொஞ்சுகிறாயா என்றே தெரியாது. ஆட்டம் முடிந்து டீயும் பிரெட் பக்கோடாவும் தின்றுவிட்டு, கோல் மார்க்கெட்டில் உன் குவார்ட்டர்ஸ் வரை உன் ஸ்கூட்டியில் போவோம். கால்பந்தில் வெளியே போனவள் போனவள்தான், இதில் எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பி வரலாம், அதனால்தான் இந்த ஆட்டம் பிடிக்கும் என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்திக்கொண்டே வண்டி ஓட்டுவாய்.

பிறகு உனக்கு நோய் வந்தது. ஆறு மாத சிகிச்சை முடிந்து ஒரு ஞாயிறு காலை, கம்பளித் தொப்பியும் பழைய ஷூவுமாக வந்து நின்றாய். ரெண்டே நிமிடம் ஆடினால் போதும் என்றாய். கடைசி ஐந்து நிமிடத்தில் எனக்குப் பதில் நீ இறங்குவாய் என்று நம் கோல்கீப்பர் முடிவு செய்தாள். நானும் தலையாட்டினேன்.

அப்போது ஆட்டம் இரண்டுக்கு இரண்டு. நீ பிப்போடு கோட்டருகே வந்து கை தூக்கினாய். பந்து நிற்க வேண்டியதில்லை, நடுவரைக் கேட்க வேண்டியதில்லை, நான் வெளியே வந்தால் போதும். "ஜல்தி, ஜல்தி" என்று கோல்கீப்பர் கத்தினாள். எனக்கு அன்று கால் நன்றாக ஓடியது. நான் உன்னைப் பார்த்தேன். பார்க்காதவள் போல் பந்தின் பின்னால் ஓடினேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. கடைசியில் நான் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஆட்டம் டிராவில் முடிந்தது.

"பாக்கலையாட்டி?" என்று கேட்டாய். பார்க்கவில்லை என்றேன். சரி, அடுத்த வாரம் ஆடிக்கலாம் என்று சொல்லி பிப்பை மடித்துப் பையில் வைத்தாய். அடுத்த வாரம் நீ மருத்துவமனையில் இருந்தாய்.

அங்கே உன் கட்டிலருகே வைத்தே, நான் வேண்டுமென்றேதான் வெளியே வரவில்லை என்று கோல்கீப்பர் இந்தியில் பொரிந்து தள்ளினாள். நீ என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாய்: "அவ கெடக்கா. பாத்திருந்தா நீ வந்திருப்ப. ஒன்ன எனக்குத் தெரியாதா?"

அதற்குப் பிறகு மூன்று வாரம் இருந்தாய். நான் அநேகமாக தினமும் வந்தேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன், தலையணை உறை மாற்றினேன், ஆபீஸ் கதை சொல்லிச் சிரிக்க வைத்தேன். அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

இப்போது யார் கோட்டருகே வந்தாலும், அவள் கை தூக்குவதற்குள் நான் வெளியே வந்துவிடுகிறேன். புதிதாகச் சேர்ந்த பெண்கள் என்னைத் தங்கமானவள் என்கிறார்கள். அவர்களிடமும் நான் சொல்லவில்லை.