மதகடியில் திரும்பிய கப்

9 ஒகஸ்ட், சனி. நெருப்பு வெயில்.

கப் எங்களுக்கு, கடைசி நிமிடத்தில் அண்ணன் தலையால் இடித்த கோல், கப் எங்களுக்கு, கப் எங்களுக்கு!

கத்திக் கத்திக் குரலே போய்விட்டது. முகம், தலை எல்லாம் புழுதி. கோல் வீடியோவை விளையாட்டுக் கழகத்தின் பேஸ்புக் பக்கத்தில் போட்டு ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் இதயம் இதயமாக விழுகிறது. பக்கத்துக்கு நான்தான் அட்மின். கழகத்தில் உறுப்பினர் இல்லை. வாய்க்கால் மதகுக்கு இந்தப் பக்கம், எங்கள் பக்கம், யாருமே உறுப்பினர் இல்லை. விளையாடலாம், வாக்கு இல்லை.

செய்ய:
- டேட்டா போட
- கோலை மெதுவாக ஓடவிட்டு ஒரு கிளிப்
- ஊர்வலம் பற்றிச் செயலாளரிடம் கேட்க. இந்த முறை கட்டாயம்.

10, ஞாயிறு. காற்று.

கேட்டுவிட்டேன்.

கப் வென்றால் ட்ரக்டர் பெட்டியில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். கேற்றடியில் நிறைகுடம், மாலை, சோடா. ஆனால் வாய்க்கால் மதகு வரைக்கும்தான். அதற்கு அப்பால் நாங்கள், மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கலவரத்தில் அடி வாங்கி இங்கே வந்தவர்களின் பிள்ளைகள். நான் பார்த்த மூன்று கப்பும் மதகில் திரும்பின.

செயலாளர் அண்ணை சிரித்த முகம்தான். “எங்களுக்கு வர விருப்பம்தான் பிள்ளை. மதகடி ரோட்டைப் பாத்தனியே? பெட்டி பிரண்டா ஆர் பதில் சொல்லுறது?”

ரோடுதானா! இவ்வளவு நாளும் ரோடுதானா!

மத்தியானம் முழுக்க போனில் சம உரிமைப் போராட்ட வீடியோக்கள். பார்த்ததையே திரும்பவும். அமெரிக்காவில் பாலத்தில் நடந்து அடி வாங்கிய கறுப்பினச் சனம். பஸ்ஸில் எழும்ப மறுத்த பெண். இங்கே வடக்கில், சாதி பார்த்த தேத்தண்ணிக் கடைக்குள் கதிரையில் உட்கார்ந்து குடிக்கப் போராடி அடிபட்டவர்கள். குடியுரிமைக் கடதாசிக்கு அலைந்தே செத்துப்போன எங்கள் தோட்டத்துச் சனம். அவர்களுக்கு முன்னால் பொலிசும் நாயும் சட்டமும் நின்றன. எங்களுக்கு முன்னால் குழி மட்டும்தான். குழியை நிரப்பலாம்.

12, செவ்வாய். வெயில்.

குளக்கட்டு வேலையில் மிஞ்சிய கிரவல். கேட்டுத்தான் எடுத்தோம். இருபது பேர், ஆறு மண்வெட்டி. உள்ளங்கை இரண்டும் கொப்பளம், எழுதவே எரிகிறது. மதகின் இரண்டு பக்கமும் நல்ல அகலமாகப் போட்டிருக்கிறோம். இனி எந்தப் பெட்டியும் பிரளாது.

அம்மா தலையில் சுமந்த கிரவல் தாச்சியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னது: “தோட்டத்துலயும் நாமதான் ரோடு போட்டோம். போனது மட்டும் மத்தவங்க.” கோபம் வந்தது எனக்கு. எதையும் நம்பவே மாட்டாள்.

அண்ணன் வரவில்லை. பயிற்சியாம். கப் வென்ற பிறகு என்ன பயிற்சி?

செயலாளர் மோட்டார் சைக்கிளில் போனார். சோக்கா இருக்கு என்றார். நிறுத்தவில்லை.

15, வெள்ளி. ஊர்வலம்.

எங்கள் பக்கம் எல்லாக் கேற்றிலும் நிறைகுடம். அம்மாவும் வைத்தாள். நம்பாத அம்மா.

நான் மதகில், போனைப் பிடித்தபடி. வெடி கேட்டது, பிறகு ட்ரக்டர். மதகடிக்கு வந்ததும் மெதுவானது. பெட்டியில் நின்ற ஒருத்தன் சொன்னது வீடியோவில் தெளிவாக இருக்கிறது:

“தோட்டக்காட்டாற்ற பக்கமும் போகோணுமே? திருப்படா.”

சிரிப்பு.

மற்ற வருடங்களில் முன்னுக்கும் பின்னுக்கும் நாலு தரம் எடுத்துத்தான் திருப்புவார்கள். இந்த முறை நாங்கள் போட்ட கிரவலில் ஒரே வெட்டு. அவ்வளவு வசதி.

பெட்டியில் அண்ணன், கழுத்தில் மூன்று மாலை. கப் அவன் மடியில். என்னைப் பார்க்கவில்லை.

நிறைகுடத்துத் தேங்காயை அம்மா உடைத்துச் சம்பல் அரைத்தாள். அண்ணன் தொடவில்லை. நான் தின்றேன். உறைப்பு.

16, சனி. புழுக்கம்.

காலையில் செயலாளரின் குரல் பதிவு. “பிள்ளை, ஊர்வல வீடியோ இன்னும் போடேல்லையே? வெளிநாட்டுப் பெடியள் கேக்கிறாங்கள். முழுசாப் போடு. முழு ஊரும் சேர்ந்து கொண்டாடினதெண்டு எழுதிவிடு.”

நாலு தரம் கேட்டேன். முழு ஊரும்.

அண்ணன் கிணற்றடியில் பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தான். மைதானத்தில் அவர்கள் மாதிரி ‘ஓம்’ என்பவன் வீட்டில் எங்கள் மாதிரி ‘ஆமா’ என்பான். மதகடியில் ஏன் பெட்டியை விட்டு இறங்கவில்லை என்று கேட்டேன்.

“எறங்கியிருந்தா அடுத்த வருசம் எனக்கு எடமில்ல. பந்து ஒண்ணுதான் என்னைய அந்தப் பக்கம் விடுது.”

வீடியோவைப் போடப் போகிறேன் என்றேன்.

“அதுல என் மொகம் தெரியுதா?”

தெரியுது என்றேன்.

கழுவின பூட்ஸையே திரும்பவும் கழுவினான். போடாதே என்று மட்டும் சொல்லவில்லை.

முழுசாகத்தானே கேட்டார். ஒரு நொடியும் வெட்டாமல் போட்டுவிட்டேன். வீடியோவுக்கு மேலே எழுதியது, இங்கேயும் ஒரு பிரதி:

‘எங்கட கப் திரும்பின இடம் இது. கோல் அடிச்சதும் இந்தப் பக்கம், ரோடு போட்டதும் இந்தப் பக்கம். நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்குக் கழகப் பொதுக்கூட்டம். எங்களையும் உறுப்பினராச் சேருங்கோ எண்டு கேக்கப் போறம். மூண்டரைக்கு மதகடிக்கு வாங்கோ, ஒண்டா நடப்பம். வர ஏலாத ஆக்கள் பகிருங்கோ. என்னை அட்மினில இருந்து தூக்கிறதுக்கு முன்னம் பகிருங்கோ.’