அந்தக் கை செல்வத்தின் கை

அக்கா,

போன வாரம் ஒரு சாயங்காலம் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக் கூடத்து விளக்கு தானாக ஆடியது. சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் நிலநடுக்கம் என்று கைப்பேசியில் செய்தி வந்தது. அடுக்குமாடியில் இருந்தவர்கள் எல்லாம் படியிறங்கி ஓடினார்கள். "ஆன்டி, கீழ வாங்க லா!" என்று பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள். என் கணவர் செல்வம் நாற்காலியை விட்டு எழவேயில்லை. ஆடுகிற விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உன் ஞாபகம் வந்தது. பாசத்தில் வந்தது என்று நினைத்துக்கொள்ளாதே.

சுனாமி வந்த அன்று காலையும் இப்படித்தான் விளக்கு ஆடியது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நம் இரண்டு குடும்பமும் கிள்ளானிலிருந்து பினாங்குக்குப் போய் ஒரு வாடகை வீட்டில் தங்கியிருந்தோம். "கேக்கு அதிகமாத் தின்னுட்டேன் போல, தலை சுத்துது" என்று சொல்லிச் சிரித்தாய். மதியம் கடற்கரையில் பாய் விரித்தோம். தண்ணீர் திடீரென்று உள்வாங்கிப் போக, வெறும் மணலில் மீன்கள் துள்ளின. உன் பையன்கள் ஜோயலும் டேனியும் பார்க்க ஓடினார்கள். என் ரூத் சிப்பி பொறுக்கிக்கொண்டே அவர்களையும் தாண்டிப் போய்விட்டாள். ஆறு வயது அவளுக்கு.

கடல் திரும்பி வந்தபோது நுரை இல்லை. சேறும் பலகையும் உடைந்த படகுமாக வந்தது. செல்வம் எழுந்து ஓடினார். முதலில் கைக்கு எட்டியது உன் பையன்கள். ஆளுக்கொரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, சாலையோரக் கட்டைச் சுவர்மேல் நின்றிருந்த உன் காலடியில் போட்டு, "பிடிங்கக்கா!" என்று கத்திவிட்டுத் திரும்பினார். அதற்குள் தண்ணீர் அவரையே புரட்டிப் போட்டது. நீ கண்ணை மூடிக் கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். நானும் அதே பெயரைச் சொல்லித்தான் கதறினேன். பொழுது சாயும் நேரத்தில் பக்கத்து மீனவக் கம்பத்து ஆட்கள் ரூத்தைத் தூக்கி வந்தார்கள். ஒரு காலில் செருப்பு அப்படியே இருந்தது.

அவள் குழிமேல் போட்ட மண்கூட இறுகவில்லை, நீ சபையில் சாட்சி சொல்ல எழுந்தாய். "நான் ஜெபிச்சேன். கர்த்தர் தம்மோட கரத்த நீட்டி என் ரெண்டு பிள்ளைங்களையும் தூக்கி என் காலடியில வெச்சார்." சபை அல்லேலூயா என்றது. என் பக்கத்தில் செல்வம் தன் கைகளை மடியில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் அவர் சபைக்கு வரவில்லை. உன்னையோ சுங்கை பூலோ வரைக்கும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். நாளாக ஆக, தண்ணீர்மேல் வெள்ளை உடுப்பில் யாரோ நடந்து வந்ததாகவும் சொன்னாய்.

உன் அடுப்படிக்கே வந்து கேட்டேன்.

"ஏன்க்கா, அவரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"மனுஷன் பேரைச் சொன்னா மகிமை கர்த்தருக்குப் போகாதுடி."

"அப்ப ரூத்த விட்டது யாரோட கை?"

கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்திலிருந்து நீ முகத்தைத் திருப்பவில்லை. "உன் விசுவாசத்துல என்ன குறைன்னு நீதான் யோசிச்சுப் பாக்கணும்."

அடுத்த கிறிஸ்துமஸ் ஆராதனையில் நீ பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நின்றேன். "அந்தக் கைக்குப் பேர் இருக்கு. செல்வம். என் வீட்டுக்காரர்" என்றேன். உனக்குக் குரல்கூடத் தடுமாறவில்லை. "தங்கச்சி துக்கத்துல பேசுறா, அவளுக்காக ஜெபிப்போம்" என்றாய். அத்தனை பேரும் என்னை நோக்கிக் கைகளை நீட்டி ஜெபித்தார்கள். யாராவது என்னை அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. செல்வத்திடம் சொன்னேன். "விடு. அவங்க பிள்ளைங்க உசுரோட இருக்காங்கல்ல, அது போதும்" என்றார். அவருக்குப் போதும். எனக்குப் போதவில்லை.

பிறகு வருஷக்கணக்காகப் பேச்சில்லை. புற்றுநோய் முற்றிப் படுத்தபோது சொல்லி அனுப்பினாய், வந்தேன். மன்னிப்புக் கேட்பாய் என்று ஒரு நப்பாசை. "எனக்காக ஜெபிடி" என்றாய். "நான் ஜெபிச்சா கேக்குமாக்கா?" என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். அதுதான் நாம் பேசிய கடைசிப் பேச்சு.

உன் அடக்க ஆராதனையில் போதகர் அந்தச் சாட்சியையே மறுபடி சொன்னார். அவர் முடிப்பதற்குள் ஜோயல் எழுந்து மேடையிலிருந்த ஒலிவாங்கி அருகே போனான். "எங்களைத் தூக்கினது எங்க சித்தப்பா. அவர் சட்டைப் பட்டன் என் கன்னத்துல அழுத்தினது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அம்மா சொல்றப்பல்லாம் எந்திரிச்சு சொல்லணும்னு நினைப்பேன். பயம்" என்றான். இறங்கி வந்து செல்வத்தின் முன்னால் நின்றான். செல்வம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "ரூத்து இன்னும் கொஞ்சந்தான் தள்ளி இருந்தாய்யா" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயால் அவள் பெயரைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

உன் பையன்கள் இப்போது அடிக்கடி சாப்பிட வருகிறார்கள். செல்வம் அவர்களோடு சிரித்துப் பேசுகிறார். அவர்கள்மேல் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் தனியாகப் பாத்திரம் கழுவும்போது, என்ன குறை, என்ன குறை என்று உன் குரல்தான் கேட்கிறது. செத்தவளோடு என்ன சண்டை, அவள் குழியிலேயே போட்டுவிட்டு வா என்கிறார்கள். போட மாட்டேன்.

உன்னை நான் மன்னிக்கவில்லை, அக்கா. ஜெபத்தில் சொன்னால் உனக்கு வந்து சேருமோ சேராதோ. என் ஜெபத்தைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. அதனால்தான் எழுதிவிட்டேன்.