கழுத்துக் கறுப்பு

மே 4, திங்கள்
காலையிலேயே வெயில். கொடித் துணியெல்லாம் நிலக்கரித் தூசு. வெள்ளைத் துணிகளை மறுபடி அலசினேன்.
ஞாயிறன்று மகள் செல்வியைப் பெண் பார்க்க வருகிறார்கள், முத்தாண்டிக்குப்பத்திலிருந்து. இவளுக்கு மைன்ஸ் ஆபீசில் பெர்மனென்ட் வேலை, ஆனால் கழுத்தைச் சுற்றி அழுக்கு வளையம். பயத்தமாவும் காய்ந்த பீர்க்கங்கூடும் எடுத்துத் தேய்த்தேன்.
“எரியுதும்மா, விடு. அது அழுக்கு இல்ல.”
“மைன்ஸ் தூசுடி. உங்கப்பாவுக்கும் இப்படித்தான்.”
அவர் இருந்தவரை ஷிப்ட் முடிந்து வந்து குழாயடியில் முதுகு காட்டி உட்காருவார். நீர் பழுப்பாக ஓடும். நான் படித்த கான்வென்டில் கழுத்து, காது, நகம் பார்த்துத்தான் சிஸ்டர் வகுப்புக்குள் விடுவார் என்று ஒருநாள் அவரிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து, “சிஸ்டரம்மா, நான் பாஸா?” என்பார்.

மே 6, புதன்
செல்வியின் கழுத்து சிவந்து தோல் உரிந்திருக்கிறது. கறுப்பு அப்படியே. லேடி டாக்டரிடம் போனோம். நான்கு மாதமாக மாதவிலக்கு இல்லையாம். அங்கேதான் எனக்கே தெரிந்தது. ஸ்கேன், ரத்தம்.
திரும்பும் வழியில் நாங்கள் முன்பு குடியிருந்த பிளாக். புதுக்குடித்தனத்தில் நாங்கள் நட்ட வேம்பு மாடியைத் தாண்டிவிட்டது. ஆட்டோவை நிறுத்தச் சொல்லத் தோன்றியது.

மே 8, வெள்ளி
ரிசல்ட். பி.சி.ஓ.எஸ். என்றார் டாக்டர், சினைப்பைக் கோளாறாம்.
“இன்சுலின் சுரக்குது, உடம்பு அது பேச்சைக் கேக்கல. அதனால இன்னும் அதிகமா சுரக்குது. அதுதான் சினைப்பையையும் படுத்துது, கழுத்தையும் கறுப்பாக்குது. தேய்ச்சா போகாதும்மா.”
மாத்திரை. நடை. சோறு குறைக்க.
குழந்தை? கேட்டேன்.
“நிறைய பேருக்குப் பிறக்குது. முதல்ல இவங்க நல்லா இருக்கட்டும்.”
பீர்க்கங்கூட்டைக் குப்பையில் போட்டேன்.

மே 10, ஞாயிறு
ஐந்து பேர். பஜ்ஜி, கேசரி. செல்வி அப்பாவின் நாற்காலியில் மாப்பிள்ளைப் பையன் உட்கார்ந்தான். அவரைப் போலவே காலை ஆட்டிக்கொண்டு. பிடித்திருந்தது.
அவன் தாயார் செல்வியை உற்றுப் பார்த்தார். “பொண்ணு கழுத்து ஏங்க இப்படி கறுத்துக்கினு இருக்குது?”
மைன்ஸ் தூசு என்றால் நெய்வேலியில் மறுகேள்வி கிடையாது. செல்வி தலை நிமிரவில்லை.
“இன்சுலின் கோளாறுங்க. மாதவிலக்கும் சரியா வர்றதில்ல. மாத்திரை சாப்பிடுறா” என்றேன்.
ஆண்கள் டம்ளருக்குள் பார்த்தார்கள். “வூட்டுல கலந்துக்கினு சொல்றோங்க.”
போனபின் செல்வி: “ஏம்மா சொன்ன?”
“தூசுன்னு சொன்னா அங்கேயும் உன்னைத் தேய்ப்பாங்க.”

மே 13, புதன்
பத்து நிமிட மழை. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து போன் இல்லை.
செல்வி மந்தாரக்குப்பத்தில் ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போகிறாள். கழுத்தைக் கொஞ்சம் இறக்கலாமா என்று கேட்டாள். அளவு ரவிக்கையை வாங்கி நானே சாக்பீஸால் கோடு போட்டேன். அவள் கேட்டதைவிட ஒரு விரல் கீழே.