விளக்கு வைத்த தொப்பி

அக்கா,

நீங்கள் போன பிறகு எனக்கும் நித்திரை குறைந்துவிட்டது. அதை மகளிடம் சொல்லியிருந்தேன். இன்று காலை கனடாவில் இருந்து அவள் அனுப்பிய பார்சல் வந்தது. பிரித்தால் ஒரு மூக்குக் கண்ணாடி! மாட்டிப் பார்த்தேன், விளிம்பில் இருந்து வெள்ளை வெளிச்சம் கண்ணுக்குள் இறங்கியது. "அக்காவின்ர தொப்பி!" என்று கத்தியே விட்டேன்.

அது சண்டைக் காலம். வெள்ளவத்தையில் என் எதிர் பிளாட்டில் யன்னல்களைப் பூட்டிக்கொண்டு இருந்தீர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தது முதல் உங்களுக்கு நித்திரை இல்லை. படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் கை நடுங்கும். கோயிலுக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டீர்கள். நோர்வேயில் இருந்து உங்கள் தம்பி அந்தத் தொப்பியை அனுப்பினார். முன்விளிம்பில் விளக்குகள், இடுப்பில் பட்டரி. அங்கே இருட்டுக் காலத்தில் சனம் அதைப் போட்டுத்தான் மனம் தெளிவார்களாம், நித்திரையும் வருமாம்.

விளக்கென்றால் பொழுதுபட ஏற்றுவதுதானே எங்கள் வழக்கம்! நான் சாமி விளக்கை ஏற்ற, நீங்கள் தலைவிளக்கை ஏற்றினீர்கள். தேவாரமும் பாடினோம். இருந்த கொஞ்ச நித்திரையும் போனது.

"உன்ர பிள்ளையார் என்னைக் காவலுக்கு வைச்சிட்டார், தங்கச்சி."

கடைப் பற்றுச்சீட்டையே வரி விடாமல் வாசிப்பவள் நான். தொப்பியோடு வந்த இங்கிலீஷ் தாளை அகராதி வைத்து வாசித்தேன். "ஐயோ அக்கா, காலமை போடுறதாம்! பொழுதுபடப் போட்டால் உடம்பு விடிஞ்சிட்டுது எண்டு நினைக்குமாம்!" சிரித்துச் சிரித்து உங்களுக்கு விக்கல் எடுத்தது.

காலையில் போடத் தொடங்கிய பின் நித்திரை மெல்ல மெல்ல வந்தது. அப்படியிருக்க ஒரு விடியற்காலை பொலிஸ் செக்கிங். நான் ஓடிவருமுன் தொப்பி எரிய எரிய நீங்களே கதவைத் திறந்துவிட்டீர்கள். பொலிஸ்காரர் ஓரடி பின்னுக்குப் போனார்.

"மொக்கத மே?" இது என்ன என்று கேட்டார்.

"நிந்தட்ட பெஹெத்." நித்திரைக்கு மருந்து என்றீர்கள், தெரிந்த அரைச் சிங்களத்தில். உங்கள் கையைப் பார்த்தேன். நடுங்கவில்லை!

அவருடைய கண்கள் சிவந்திருந்தன. "மட்டத் நிந்த நே," என்றார். அவருக்கும் நித்திரை இல்லையாம். நீங்கள் தொப்பியைக் கழற்றி அவரிடமே நீட்டினீர்கள். அவர் சிரித்து, அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துத் திருப்பித் தந்துவிட்டுப் படியிறங்கினார்.

நீங்கள் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு நேரே போய் யன்னலைத் திறந்தீர்கள். "வெளியில இவ்வளவு வெளிச்சம் கிடக்குது. வா, கோயிலுக்குப் போவம்."

"தொப்பியோடயா?"

"பிள்ளையாரும் பார்க்கட்டுமன்!"

இன்று நானும் யன்னலைத் திறந்துவிட்டேன், அக்கா. மூக்குக் கண்ணாடியைக் கழற்றவில்லை. கோயிலுக்குப் போய்வருகிறேன்.