விட்டுப்போச்சா, விட்டுட்டேனா?

என் மச்சான் சாகுலுக்கு,

நீ படிக்கமாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது மட்டும் நான் அனுப்பியதையெல்லாம் படித்தாயா என்ன? இரண்டு பக்கத்தைத் தாண்டினால் "சுருக்கமா சொல்லு லா" என்று நம் மலேசிய 'லா'வோடு போன் அடிப்பாய். இது கொஞ்சம் நீளமான கடிதம். பொறுத்துக்கொள்.

முதலில் செய்தி. சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடி பிளாட்டின் லிஃப்ட் வேலை நம் கம்பெனிக்குக் கிடைத்திருக்கிறது. பழைய லிஃப்டுகளைக் கழற்றிவிட்டுப் புதியவை போடவேண்டும். ஆயர் ஈத்தாமில் நாம் செய்த அதே வேலைதான். பாஸ் சொன்னதும் எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். உள்ளுக்குள் எனக்கு வந்தது அலுப்புதான்.

இருபத்திரண்டு வருஷமாக ஒரு வேலை முடிந்த மறுநாளே அடுத்த ஃபைலைத் திறந்துகொண்டிருக்கிறேன். முடித்த வேலையின் முன்னால் கொஞ்சம் நின்று பார்க்க யாரும் நேரம் கொடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை. இப்போது படி ஏறினால் முட்டி வலிக்கிறது, கூட்டத்தில் உட்கார்ந்தால் கண் சொக்குகிறது. உனக்கு இப்படியெல்லாம் ஆகும் முன்பே நீ போய்விட்டாய்.

இந்த வேலைக்கு ப்ராஜெக்ட் மேனேஜர் கவிதா. நீ போன பிறகு சேர்ந்தவள். முப்பத்திரண்டு வயது, படு சுறுசுறுப்பு. அவளுக்குத் துணையாக இருப்பதுதான் என் உத்தியோகம். ஆயர் ஈத்தாம் ஃபைலைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள் என்று பாஸ் வழக்கம்போலச் சொன்னார். அந்தப் பெண் நிஜமாகவே படித்துவிட்டாள். நம் ஆபிஸில் பழைய ஃபைலைக் கடைசிப் பக்கம் வரை படித்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும்.

படித்து முடித்து என் மேசைக்கு வந்தாள்.

"குணா அண்ணே, இந்த சாகுல் ஹமீதுங்கிறவரு யாரு? லிஃப்டோட பின்பக்கக் கதவைக் கவனிக்காம விட்டவருன்னு கடைசிப் பக்கத்துல போட்டிருக்கே."

"எங்ககூட வேலை பார்த்தவரு. ஆயர் ஈத்தாமுக்கு அவருதான் மேனேஜர்."

"இப்ப எங்க இருக்காரு?"

"இறந்துட்டாரு."

"ஓ, சாரி அண்ணே." கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தாள். "அப்ப இது ஒருத்தரோட கவனக்குறைவு. நமக்கு இதுல கத்துக்க ஒண்ணும் இல்ல."

ஃபைலை மூடி அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். எனக்குச் சுருக்கென்றது. அந்த வரியில் இருக்கவேண்டியது என் பெயர் என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நீ இப்போது இல்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் அது காலத்துக்கும் உன் பெயரிலேயே இருந்துவிடும்.

உன் சட்டம் உனக்கு நினைவிருக்கிறதா? வேலை முடிந்து சாவியை ஒப்படைத்த பிறகு நம் கம்பெனியில் குளோசிங் மீட்டிங் வைப்போம். இந்த வேலையில் என்ன தப்பு நடந்தது, என்ன கற்றுக்கொண்டோம் என்று ஆங்கிலத்தில் ஒரு படிவம் நிரப்பவேண்டும். யார் செய்தது என்று சொல்லாமலே எல்லாத் தப்பையும் ஆங்கிலத்தில் எழுதிவிடலாம். அதனால் முதலில் தமிழில் பேசுவோம், பிறகு எழுதுவோம் என்று நீ சொன்னாய்.

தமிழிலும் நம் ஆட்கள் தப்பிக்க வழி வைத்திருந்தார்கள். விட்டுப்போச்சு, மறந்துபோச்சு, மாறிப்போச்சு. எல்லாம் தானாக நடந்த மாதிரி. ஒருநாள் நீ முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு கேட்டாய்: "இந்தப் போச்சுங்கிறவன் யாரு லா? எல்லா வேலையிலயும் தப்பு பண்றது அவன்தான். சம்பள லிஸ்ட்ல மட்டும் அவன் பேரைக் காணோமே." அறையே சிரித்தது. அன்றிலிருந்து குளோசிங் மீட்டிங்கில் 'போச்சு'வுக்குத் தடை. விட்டுப்போச்சு என்று சொல்லக் கூடாது, விட்டுட்டேன் என்று சொல்லவேண்டும். அப்படிச் சொன்னவனை யாரும் திட்டக் கூடாது. இரண்டும் உன் சட்டம்தான்.

முதலில் கஷ்டமாகத்தான் இருந்தது. நம் எலெக்ட்ரீஷியன் "வயர் அளவை நான் தப்பா எழுதிட்டேன்" என்றார். யாரும் திட்டவில்லை. பிறகு அவரே காரணத்தையும் சொன்னார். அளவைப் போனில் சொல்லியிருக்கிறார்கள், பக்கத்தில் டிரில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அடுத்த வேலையிலிருந்து எந்த அளவையும் போனில் சொல்வதில்லை என்று ஆனது. நான் என்று ஒருவர் ஆரம்பித்தால்தான் மிச்சக் கதை வெளியே வரும் என்பதை அன்றைக்குப் பார்த்தோம்.

ஆயர் ஈத்தாமுக்கு வருகிறேன். அந்தப் பழைய லிஃப்டின் பின்சுவரில் ஒரு சின்னக் கதவு இருந்தது. நோயாளியைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும்போது அதைத் திறந்தால் ஸ்ட்ரெச்சரின் ஒரு முனை அதன் பின்னால் இருக்கும் சின்ன இடத்துக்குள் போகும். மற்ற நாளெல்லாம் பூட்டியே கிடக்கும், சாவி காவல்காரரிடம் இருக்கும். அளவெடுக்க வந்தவர்களுக்கு அது வெறும் தகடாகத்தான் தெரிந்திருக்கிறது. புது லிஃப்டின் டிராயிங்கில் அந்தக் கதவு இல்லை.

பதினோராம் மாடி லெட்சுமணன் அண்ணன் என்னிடம் கேட்டார். கையில் காய்கறி வாங்கிய பாசார் பையோடு கீழே லிஃப்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, புது லிஃப்டுலயும் இந்தச் சின்னக் கதவு இருக்கும்தானே? எங்க வீட்டுல அவங்களுக்கு எலும்பு ரொம்ப வீக்கா இருக்கு, அதான் கேக்குறேன்."

"இருக்கும் லா அண்ணே, கவலைப்படாதீங்க."

நான் டிராயிங்கைப் பார்க்கவே இல்லை, சாகுல். சாமான் லாரி மார்க்கெட் சந்தில் மாட்டிக்கொண்டு ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது, டிரைவர் என்னைப் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அந்த அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். டிராயிங் உன்னிடம்தான் இருந்தது. உனக்கு ஒரு வரி அனுப்பியிருந்தால் நீ பார்த்திருப்பாய். லாரியைச் சந்திலிருந்து வெளியே எடுப்பதற்குள் அவர் கேட்டதே எனக்கு மறந்துவிட்டது.

வேலை முடிந்து லிஃப்டை ஒப்படைத்த மூன்றாவது வாரம் லெட்சுமணன் அண்ணனின் மனைவி குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. காவல்காரர் சாவியோடு ஓடிவந்து புது லிஃப்டின் பின்சுவரில் கதவைத் தேடியிருக்கிறார். ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் போகவில்லை, அந்த அம்மாவை உட்காரவைக்கவும் முடியவில்லை. நாலு பேர் பதினோரு மாடியும் படி வழியாகத் தூக்கி இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த அம்மா அலறியது கீழ்த்தளம் வரை கேட்டதாம்.

மறுநாள் நீயும் நானும் போனோம். லெட்சுமணன் அண்ணன் சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்து, "நீங்க இருக்கும்னு சொன்னீங்களே, தம்பி," என்றார். நீ பக்கத்தில்தான் நின்றாய். திரும்பி வரும் வழியெல்லாம் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு குளோசிங் மீட்டிங். கதவு விஷயம் என்ன ஆச்சு என்று பாஸ் கேட்டார். நான்தான் வாயைத் திறந்தேன். "அது வந்து பாஸ், விட்டுப்போச்சு."

நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் சட்டத்தை நீ எடுத்துச் சொல்லவில்லை, கிண்டலும் செய்யவில்லை. காத்திருந்தாய். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, எனக்கு அது முடியவே இல்லை. பிறகு பாஸ் பக்கம் திரும்பி, "நான்தான் பாஸ். டிராயிங்கைப் பார்த்தது நான். நான் விட்டுட்டேன்," என்றாய்.

ஏன் பேசாமல் இருந்தேன் என்று இத்தனை வருஷமாகப் பெரிய பெரிய காரணமாகத் தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அந்த மாதம் எனக்குச் சீனியர் பதவி கொடுப்பதாகப் பேச்சு இருந்தது. பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.

காரில் ஏறியதும் கேட்டேன், "ஏன்டா அப்படிச் சொன்ன?"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன். நீ சொல்லல. யாராச்சும் சொல்லித்தானே ஆகணும்? பசி வேற எடுத்துச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். உனக்கும் தீர்ந்ததா, மச்சான்?

தப்பை ஒப்புக்கொண்டவனைத் திட்டக் கூடாது என்ற சட்டத்தை பாஸ் மீறவில்லை. உன்னை அவர் திட்டவே இல்லை. சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் நம் சாமான் ஸ்டோருக்கு மாற்றினார். அதற்கப்புறம் நீ எந்த வேலைக்கும் மேனேஜர் ஆகவில்லை. இரண்டு வருஷம் தினமும் கடல் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போய் நட்டையும் போல்ட்டையும் எண்ணிக்கொண்டிருந்தாய். ஒருநாள் காலையில் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாய். அதற்குள் நான் நாலு வேலை முடித்து ஐந்தாவதில் இருந்தேன்.

போன வியாழக்கிழமை கவிதாவோடு சுங்கை பினாங் போனேன். அங்கே லிஃப்ட் ஒன்றுவிட்டு ஒரு மாடியில்தான் நிற்கும். ஒரு பெண்மணி எங்களைப் பார்த்து வந்தார்.

"புது லிஃப்டு எல்லா மாடியிலயும் நிக்குமா மா? எங்க அண்ணன் வீல்சேர்ல இருக்காரு, நாங்க ஏழாவது மாடி."

கவிதாவின் காதில் போன். ஒரு கையால் அதைப் பொத்திக்கொண்டு, "நிக்கும் ஆண்ட்டி, கவலைப்படாதீங்க," என்றாள்.

அந்த ஃபைல் அவளுக்குச் சொல்லியிருக்கவேண்டியது இதைத்தான். குடியிருப்பவர் கேட்டதை எழுதிக்கொள்ளாமல், நடக்கிற நடையில் பதில் சொல்லக் கூடாது. படிவத்தில் அது ஒரு வரிகூட இல்லை. சாகுல் கவனிக்கவில்லை என்று மட்டும் இருக்கிறது. ஆளும் இல்லை, பிரச்சினையும் இல்லை என்று அவள் மூடி வைத்ததில் என்ன தப்பு?

திங்கட்கிழமை கூட்டத்தில் சொல்லிவிட்டேன். "ஆயர் ஈத்தாம் ஃபைல்ல ஒரு வரி தப்பு பாஸ். அந்தக் கதவைப் பத்தி வீட்டுக்காரரு என்கிட்ட கேட்டாரு. இருக்கும்னு நான் சொன்னேன். சாகுல்கிட்ட சொல்லாம நான் விட்டுட்டேன்."

பாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப எதுக்கு குணா இதெல்லாம்? அவரே இல்ல. ஃபைல் மூடியாச்சு. மூவ் ஆன் லா."

கவிதா மட்டும் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்ப வியாழக்கிழமை நான் அந்த ஆண்ட்டிகிட்ட சொன்னது..." என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் டிராயிங்கை விரித்தாள். ஏழாவது மாடியில் லிஃப்டுக்குக் கதவே போடவில்லை, சாகுல். பழையதைப் பார்த்து அப்படியே வரைந்திருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் டிராயிங்கைத் திருப்பி அனுப்பிவிட்டாள். எல்லா மாடியிலும் நிற்க முடியுமா என்று இனிமேல்தான் தெரியும். அந்தப் பெண்மணியிடம் அவளே போய் அதைச் சொல்லிவிட்டு வந்தாள்.

திரும்பி வந்து என்னிடம் கேட்டாள்: "ஆயர் ஈத்தாம் அம்மா இப்ப நடக்குறாங்களா அண்ணே?" எனக்குத் தெரியவில்லை. ஒரு தடவைகூட நான் போய்ப் பார்க்கவில்லை.

ஃபைலில் உன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். பாஸ் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். மனம் லேசாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. உன்னை அடக்கம் செய்த அன்று உன் மனைவி ஃபரிதா என்னிடம் சொன்னதுதான் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது.

"வேலையில ஒரே ஒரு தப்பு பண்ணிட்டேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு அண்ணே. அதுலேர்ந்து அவரு சரியாவே தூங்கல. அப்படி என்ன தப்பு அண்ணே பண்ணிட்டாரு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தங்கச்சி, மறந்துடு," என்றேன். உன்னை மண்ணுக்குள் வைத்த கையோடு அப்படிச் சொன்னேன்.

வீட்டில்கூட நீ உண்மையைச் சொல்லவில்லையா, சாகுல்? காரில் சிரித்தாயே, அது எனக்காகச் சிரித்த சிரிப்பா? அல்லது டிராயிங்கைப் பார்த்தது நான்தானே என்று நிஜமாகவே உன்னைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டாயா? இதை இனி யாரிடம் கேட்பேன்?

ஞாயிற்றுக்கிழமை காலை முதலில் ஆயர் ஈத்தாம் போகிறேன். லெட்சுமணன் அண்ணன் கதவைத் திறந்தால் என்னவோ பேசுகிறேன், திறக்காவிட்டால் வாசலில் நின்றுவிட்டு வருகிறேன். அங்கிருந்து நேராக உன் வீட்டுக்கு. அந்தத் தப்பு அவருடையது இல்லை, என்னுடையது என்று ஃபரிதாவிடம் சொல்வேன். அவர் தூங்காத ராத்திரிகளில் நான் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அதற்குப் பிறகும் அவள் என்னை அண்ணே என்று கூப்பிடுவாளா என்று தெரியாது. கூப்பிடாவிட்டாலும் சொல்வேன், இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னைப் பேசவிட்டுப் பக்கத்தில் வாய்மூடி உட்கார்ந்திருந்த உன் மச்சான்,
குணா