துணைக்கு ஒருவர் இலவசம்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை, ஏதோ இருக்கிறோம். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் இந்தக் கடிதம்.

அவருடைய உணவுக்குழாய்க் கட்டிக்கு நெஞ்சைத் திறந்துதான் ஆபரேஷன் செய்யணுமாம் என்று உன்னிடம் சொன்னாரே, அது முழுப் பொய். டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று நெஞ்சையும் வயிற்றையும் திறந்து செய்வது, இன்னொன்று சின்னச் சின்னத் துளை போட்டு கேமராவை உள்ளே விட்டுச் செய்வது. அவருக்கு இரண்டுமே பொருந்துமாம். துளை வழியில் கருவிச் செலவு கூடுதல், ஆனால் நல்லபடியாக நடந்தால் சீக்கிரம் எழுந்துவிடுவார், படுக்கும் நாள் குறைந்து அந்தக் கூடுதல் செலவில் பாதி அங்கேயே ஈடாகிவிடும் என்று பில் போடும் பெண்ணே சொன்னாள். உன் அப்பா கேட்டால்தானே. எஞ்சினை இறக்காம வேலை பாக்கிறவன் மெக்கானிக்கே இல்ல, கண்ணால பாத்து அறுங்க என்று தன் பட்டறைப் புத்தியில் டாக்டருக்கே பாடம் எடுத்தார். நீ வீடு வாங்கச் சேர்த்த பணத்தில் கை வைக்கக் கூடாது என்கிற வீம்பு, வேறென்ன.

திறந்து செய்வதற்கான செலவுத் தாளில் ஒரு வரியைக் காட்டிச் சிரித்தார். துணைக்கு ஒருவர் தங்கக் கட்டணம் இல்லை என்று போட்டிருந்தது. பாத்தியா, நீ ஓசி என்றார். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து பாத்திரம் துலக்கும்போது அழுதேன். போன தடவை பரிசோதனைக்குப் படுத்தாரே, அப்போது நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கி, அவரைத் தாங்கித் தாங்கிக் குளியலறைக்கு நடத்திப் போனதில் பிடித்த இடுப்பு இன்னும் விடவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று உன்னிடம் சொல்லவில்லை. எனக்கு அலுத்துவிட்டதடி.

அடுத்த முறை போனபோது டாக்டரிடம் நானே வாயைத் திறந்தேன். துளை வழியே செய்யுங்க, ரொம்ப நாள் என்னால தாங்க முடியாது என்றேன். பாதியில் திறக்க வேண்டி வந்தாலும் வரலாம், கையெழுத்தும் அவர்தான் போடணும் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அப்பா, இடுப்பு ரொம்ப வலிக்குதா என்று கேட்டார். மறுநாள் துளை வழிக்கே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பணம் அனுப்புவதானால் அவர் பேருக்கு அனுப்பாதே, திருப்பிவிடுவார். என் பேருக்கு அனுப்பு, நான் எனக்காகத்தான் வாங்கிக்கொள்கிறேன். போனில் அவரைத் திட்டாதே. நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நல்லா இருக்கணும். லீவு கிடைக்குமா என்று மட்டும் கேட்டுப் பார். துணைக்கு இருக்கும் அந்த ஒருவர் நானாகவே இருக்க வேண்டும் என்றில்லையாம், ஆள் மாற்றிக்கொள்ளலாமாம், விசாரித்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா