எந்த வண்டியில் கொண்டு வருவாய்?

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் நலம். பாப்பாவும் நலம். குளிர் நாளில் வரும் அந்த முன்னங்கால் பிடிப்பு மட்டும் இருக்கிறது. காலையில் பத்து அடி நொண்டிவிட்டு, பிறகு ஒன்றும் நடக்காதது போல் முகத்தை வைத்துக்கொள்கிறாள். இருபத்துநாலு வயசுக் கிழட்டுக் குதிரையை இன்னும் பாப்பா என்று கூப்பிட்டால், வருகிறவர்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள். பெயர் வைத்தவள் நீ, பதில் சொல்கிறவன் நான். அங்கே நீயும் அத்தானும் சுகந்தானே?

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. கடிதமா அது, தந்தி. லாயம் இருக்கும் நிலத்தை மாசக் கடைசிக்குள் காலி செய்யவேண்டும், மற்றக் குதிரைகள் எல்லாம் போய்விட்டன, பாப்பாவை மட்டும் நீ வைத்துக்கொள்வாயா என்று நான் நாலு பக்கம் எழுதினேன். நீ நாலு வரி எழுதினாய். "வைத்துக்கொள்கிறேன். எந்த வண்டியில் கொண்டு வருவாய் என்று முதலில் எழுது. வண்டி சரியில்லையென்றால் கொண்டு வராதே. போன் செய்யாதே, போனில் நீ பேசியே ஜெயித்துவிடுவாய்."

உண்மைதான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிளறினது போல் இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் மச்சானின் வண்டியைப் பார்த்தேன். புதுசு. நெஞ்சளவு உயரம், பளபளவென்று முகம், உள்ளே ஏறினால் அதுவே பேசுகிறது. மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை, இதில் குதிரை என்ன, யானையையே இழுக்கலாம் என்றான். எனக்கும் ஆசைதான். ஆனால் உன் நாலு வரி சட்டைப் பையில் இருந்ததால் வண்டியோடு வந்த புத்தகத்தை வாங்கிப் படித்தேன். நான் ஒரு வண்டிப் புத்தகத்தைப் படித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை, சிரிக்காதே. பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் எண்ணூறு கிலோ வரை இழுக்கலாம் என்று போட்டிருந்தது. நம் டிரெய்லர் காலியாகவே அறுநூற்று எண்பது. பாப்பாவின் தலையை மட்டும்தான் அதில் கொண்டு வர முடியும். உயரத்தைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது என்று மச்சானிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை.

அப்புறம் அப்பாவின் ஜீப். அதை விட்டு வேறு வண்டி தேடுகிறாயா என்று நீ மனசுக்குள் கேட்பாய். நானும் அதையே நினைத்துத்தான் ஒரு நாள் முழுக்க அதைக் கழுவினேன். ஞாபகம் இருக்கிறதா, விடிந்தும் விடியாததுமாக நாம் மூன்று பேரும் முன் சீட்டிலேயே நெருக்கிக்கொண்டு குதிரைப் போட்டிக்குப் போவது? நடுவில் நான், கியர் கம்பி என் முழங்காலில் இடிக்கும். அப்பா ஒவ்வொரு மேட்டிலும் ஜீப்பைத் தட்டிக்கொடுத்து, "இன்னும் கொஞ்சம்தான், வா ராசா" என்பார். ஜீப்பிடம் பேசிய மரியாதையில் பாதிகூட நம்மிடம் பேசியதில்லை மனுஷன். பின்னால் டிரெய்லரில் பாப்பா காலை உதைத்தால் நீ திரும்பாமலேயே ஒரு சீழ்க்கை அடிப்பாய், அடங்கிவிடுவாள். நீ ஓட்டக் கற்றுக்கொண்டதும் அந்த ஜீப்பில்தான். கால் எட்டாமல் முதுகுக்குப் பின்னால் பச்சை மெத்தை ஒன்றை வைத்துக்கொண்டு, மூக்கு நுனி வேர்க்க, ஊரே பார்க்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாய். அப்பா அப்போது சொன்னார், என் இரண்டு பிள்ளையில் வண்டி ஓட்டத் தெரிந்தது இவளுக்குத்தான் என்று. எனக்கு எவ்வளவு எரிந்தது தெரியுமா? இப்போது சொல்கிறேன், நிஜமாகவே எரிந்தது.

ஜீப்பை எடுத்துக்கொண்டு, டிரெய்லருக்குக் கொக்கி பொருத்துகிற பட்டறைக்குப் போனேன். அதை நடத்துகிறது ஓர் அம்மா. ஐம்பது வயசிருக்கும், வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு பேசுவார், பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. ஜீப்பைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், பெடலை மிதித்துப் பார்த்தார். எஞ்சின் இழுக்கும், ஆனால் இழுக்கிறது பெரிய விஷயமில்லை, நிறுத்துகிறதுதான் விஷயம் என்றார். இதன் பிரேக் இதையே நிறுத்தத் திணறுகிறது. தவிர, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே நீளம் போதாது, பின்னால் டிரெய்லர் லேசாக ஆடினாலும் ஜீப்பைத் திருப்பிவிடும். எங்கள் அப்பா இருபது வருஷம் இழுத்தார் என்றேன். உங்கள் அப்பா மெதுவாகப் போயிருப்பார் என்றார். அப்பா முப்பதைத் தாண்டியதே இல்லை.

அப்புறம் அந்த அம்மா சொன்னதுதான் இந்தக் கடிதம் எழுதவே காரணம். வண்டியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் எதை இழுக்கப் போகிறீர்கள் என்று எடை போட்டுப் பாருங்கள், வாய்க் கணக்கு வேண்டாம் என்றார். கால்நடை டாக்டர் பாப்பாவின் மார்பைச் சுற்றி டேப் வைத்து அளந்து நானூற்று எழுபது கிலோ என்றார். அந்த எடைக்கு மணல் மூட்டை கட்டி, தண்ணீர் டிரம், தீவன மூட்டை எல்லாம் வைத்து, நீங்கள் வழக்கமாக ஏற்றுகிற மாதிரியே ஏற்றிக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்குப் பட்டறை அம்மாவும் கூடவே வந்தார். ஏற்றினேன். எனக்கா சொல்லித் தரவேண்டும்? குதிரை முன்னால் நகராமல் தடுக்கிற மார்புக் கட்டையை ஒரு முழம் பின்னால் தள்ளி, மூட்டைகளை அதற்குப் பின்னால் அடுக்கி, டிரம்மையும் தீவனத்தையும் வால் பக்கம் வைத்தேன். மொத்தம் ஆயிரத்து முந்நூறு கிலோ.

பிறகு என் பழைய வித்தையைக் காட்டினேன். நீ ஆயிரம் தடவை பார்த்ததுதான். டிரெய்லரின் மூக்கை ஒற்றைக் கையால் தூக்கிக் கொக்கி மேல் வைப்பேனே, அது. போட்டிக்குப் போகிற இடங்களில் எல்லாம் நாலு பேர் இதைச் செய்ய முக்குவார்கள், நான் மட்டும் ஒரு கையால் தூக்கிவிட்டு மீசையைத் தடவுவேன். அன்றைக்கும் தூக்கிவிட்டு அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு கையில தூக்குற மூக்கு ரோட்டுல நிக்காதுங்க. இறக்கத்துல வாலாட்ட ஆரம்பிச்சிடும். அப்புறம் யார் ஓட்டினாலும் ஒண்ணுதான்" என்றார்.

எடையில் கொஞ்சம் மூக்கின் மேல் அழுத்த வேண்டுமாம். எண்பது, தொண்ணூறு கிலோவாவது. அப்போதுதான் டிரெய்லர் வண்டிக்குப் பின்னால் ஒழுங்காக வருமாம். தூக்க லேசாக இருக்கவேண்டும் என்று பாரத்தைப் பின்னால் தள்ளினால், இறக்கத்தில் அது தன் இஷ்டத்துக்கு ஆடும். முன்னால் இருக்கிற கார் டிரெய்லரைவிட எடை குறைவு என்றால் கேட்கவே வேண்டாம், குதிரைதான் காரை ஓட்டும்.

அக்கா, அந்த நாளில் நான் வைத்திருந்த நீலக் காரின் எடை தொள்ளாயிரத்து ஐம்பது கிலோ. வீட்டுக்கு வந்து பழைய காகிதங்களைக் கிளறிப் பார்த்தேன்.

நேற்று இங்கே நிறுத்திவிட்டேன். இன்று மதியச் சாப்பாடு முடிந்து மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டுக்காரி, இரண்டு நாளாக ஒரு கடிதமா, கல்யாணப் பத்திரிகையா எழுதுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பதினாலு வருஷத்துக்கு முன் அந்தக் கால்வாய்ப் பாலத்து இறக்கம். ஜீப் மெதுவாகப் போகிறது, என் காரில் போனால் ஒரு மணி நேரம் மிச்சம் என்று அடம் பிடித்தது நான். ஓட்டினது நீ. கிளம்பும்போது நீ டிரெய்லரைச் சுற்றி வந்து, "பின்னாடி பாரம் ஜாஸ்தியா தெரியுதுடா, டிரம்மை முன்னாடி வையேன்" என்றாய். நீ ஓட்டுகிற வேலையைப் பார், ஏற்றுகிறது என் வேலை என்றேன். நீ சாவியை வாங்கிக்கொண்டு ஏறினாய். இறக்கத்தில் டிரெய்லர் ஆடத் தொடங்கியதும் உன் கால் பிரேக்குக்குப் போனது. ஆடும்போது மிதித்தால் ஆட்டம் கூடும்தான், ஆனால் யார் கால்தான் போகாது? டிரெய்லர் சாய்ந்ததும், பாப்பா உள்ளே கத்தியதும், நீ செருப்பில்லாமல் ஓடிக் கதவைப் பிடுங்கியதும் எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. அன்று அடிபட்ட பாப்பாவின் முன்னங்கால்தான் இன்றைக்கும் பிடித்துக்கொள்கிறது.

அப்பா வந்ததும் நான் முதலில் சொன்ன வார்த்தை, அக்கா பிரேக்கை மிதித்துவிட்டாள். நீ மறுக்கவில்லை. நீயே அதை நம்பிவிட்டாய் என்று இப்போதுதான் புரிகிறது. அத்தோடு விட்டேனா? அடுத்த வருஷம் உன் கல்யாணத்தில், அத்தானிடம் எல்லார் முன்னாலும், அக்கா கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லிச் சிரிக்கவைத்தேன். நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு நீ வண்டியைத் தொடவே இல்லை. அத்தானுக்குக் காய்ச்சல் வந்தபோது, வாசலில் காரை வைத்துக்கொண்டு மழையில் டாக்ஸி தேடி அலைந்தாயாமே, அத்தான்தான் சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அதற்கும் ஒரு படி மேலே, கூடத்தைக் கோணலாக்கிவிட்டு ஆடினவளைக் குறை சொன்னேன். அப்பா கடைசி வரை என் பேச்சைத்தான் நம்பினார். அவரிடம் இனிமேல் சொல்ல வழியில்லை.

தப்பு என்னுடையது அக்கா. காரைத் தேர்ந்தெடுத்தவன் நான், பாரத்தை ஏற்றினவன் நான். உன் கால் மேல் ஒரு தப்பும் இல்லை. ஒரு கையால் தூக்கவேண்டும் என்ற என் வீம்புக்கு நீயும் பாப்பாவும் விலை கொடுத்தீர்கள்.

சரி, உன் கேள்விக்குப் பதில். அந்தப் பட்டறை அம்மா ஒரு பழைய பிக்கப்பைக் காட்டினார். மின்கம்பம் பழுது பார்க்கிறவர்கள் வைத்திருந்தது. அழகு கிடையாது, நிறம் மழை பெய்த சிமெண்ட். எடை இரண்டாயிரத்து நூறு. நீளமான உடம்பு. இழுக்கும் வரம்பு இரண்டரை டன் என்று புத்தகத்திலேயே இருக்கிறது, நாம் அதில் பாதிதான். டிரெய்லர் பிரேக்கைப் புதுப்பித்து, விளக்குக் கம்பி மாற்றி, டயர் நாலும் புதிதாகப் போட்டாயிற்று. பக்கக் கண்ணாடி இரண்டும் ஆள் கை நீளத்துக்கு வெளியே நிற்கின்றன, டிரெய்லரின் வால் வரை தெரிகிறது. அந்த மணல் மூட்டைகளோடு அந்தப் பாலத்து இறக்கத்திலேயே போய்ப் பார்த்தேன். நாற்பதில், இரண்டாவது கியரில். ஆடவில்லை. கீழே இறங்கியதும் ஓரமாக நிறுத்தி, டிரெய்லரைச் சுற்றி வந்து ஒவ்வொரு கட்டையும் தொட்டுப் பார்த்தேன்.

ஜீப்பைக் கொடுத்துத்தான் அதை எடுத்தேன். கோபித்துக்கொள்ளாதே. கொடுக்கும் முன் உள்ளே துடைத்தபோது சீட்டுக்கு அடியில் அந்தப் பச்சை மெத்தை கிடைத்தது. எலி ஒரு மூலையைத் தின்றிருக்கிறது, மற்றபடி அப்படியே இருக்கிறது. என் வீட்டுக்காரி மூலையைத் தைத்து வெயிலில் போட்டுக் கொடுத்தாள்.

வண்டி சரியாகிவிட்டது. இப்போது சரியில்லாதது ஒன்றுதான். பாப்பா ஏறமாட்டேன் என்கிறாள். விழுந்த நாளிலிருந்து அவள் டிரெய்லரில் கால் வைத்ததில்லை என்று உனக்குத் தெரியும். நாலு நாளாகக் கேரட் காட்டுகிறேன், கெஞ்சுகிறேன், சீழ்க்கைகூட அடித்துப் பார்த்தேன். பலகை வரை வந்து நின்று, என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள். நம்பிக்கை இல்லை அவளுக்கு. யாருக்குத்தான் இருக்கும்? முன்பெல்லாம் நீதான் முன்னால் ஏறிப் பக்கத்துச் சின்னக் கதவு வழியாக வெளியே வருவாய், அவள் உன் பின்னாலேயே வந்து நிற்பாள். அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அதனால் ஒரு முறை வந்துவிட்டுப் போ அக்கா. மாசக் கடைசிக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. வரும்போது பஸ்ஸில் வா. போகும்போது பிக்கப்பை நீ ஓட்டு. பச்சை மெத்தையை ஓட்டுகிற சீட்டில்தான் வைத்திருக்கிறேன், சீட்டையும் உன் காலுக்கு எட்டுகிற மாதிரி முன்னால் தள்ளிவிட்டேன். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், வாயை மூடிக்கொண்டு. முதல் நாள் காலி டிரெய்லரோடு மைதானத்தைச் சுற்றுவோம். வேண்டாம் என்று தோன்றினால் நிறுத்திவிடலாம். ஆனால் வராமல் மட்டும் இருந்துவிடாதே.

அத்தானுக்கு என் வணக்கம். சின்னவன் நான், கால் தொட்டுக் கேட்கவேண்டியதைக் காகிதத்தில் கேட்கிறேன். மன்னித்து, பழைய மாதிரி ஒரு தடவை தலையில் குட்டிவிடு.

உன் வருகையைப் பார்த்திருக்கும்
தம்பி

பின்குறிப்பு: டிரம், தீவனம் இரண்டையும் முன்னால் மாற்றி, கட்டையைப் பழைய இடத்திலேயே பூட்டிவிட்டேன். மூட்டைகளோடு இன்று காலை மூக்கைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கையாலும் அசையவில்லை.